லிஃப்ட் கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலி

எனக்குப் பொறாமையாம். அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுப்பவரிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷன், வெளியே வரிசை கட்டி நிற்கிறவர்களுக்கு உட்கார்ந்து கதை சொன்னால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது?

நான் அங்கே வழிகாட்டி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. ஆயுதக் கூடம் என்னுடையது. எந்த வாள் எந்தப் போரில் பிடிபட்டது, எந்தக் கேடயத்தின் விளிம்பு பிற்காலத்தில் ஒட்டவைத்தது, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வாயிலிருந்து தப்பாக ஒரு தகவல் வந்ததில்லை. அடுத்தவர் வாயிலிருந்து வந்தாலும் நான் விட்டதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் வாத்தியார்கள் என்னைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவருக்கு இருப்பது "ம்", "சரி", "பார்க்கலாம்". இவ்வளவுதான் மொத்த அகராதியும். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். போன் பண்ணினால் ஆசையாக "அப்பாகிட்ட குடும்மா" என்பாள். இவர் வாங்கி, "ம், சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு என் கையிலேயே திணித்துவிடுவார். சிலருக்குப் பேச்சு வராது, கடவுள் படைத்தது அப்படி என்று நானும் மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

போன வருஷம் எங்களுக்குப் புது இயக்குநர் வந்தாள். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முதல் கூட்டத்திலேயே எங்களையெல்லாம் உட்காரவைத்து ஆரம்பித்தாள்.

"இங்க இருக்கற எல்லாமே செத்துப்போனவங்களோடது. இந்த ஊர்ல உயிரோட இருக்கறவங்க எங்க? ஒரு வாளைப் பார்க்க ஜனங்க ஒரு தடவைதான் வருவாங்க. தங்களைப் பார்க்கறதுக்குன்னா திரும்பத் திரும்ப வருவாங்க. காலம் மாறிடுச்சு. நாம மட்டும் கண்ணாடிப் பெட்டியைத் தொடைச்சுக்கிட்டே இருக்க முடியாது."

நான்தான் இருபது வருஷத்துக்கும் மேலாகக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியாதா?

அடுத்த மாதமே என் கூடத்தில் பாதியைக் காலி செய்தார்கள். வாளில் பாதி கிடங்குக்குப் போனது. அந்த இடத்தில் மனுஷர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு முடிதிருத்துபவர், குப்பை லாரி ஓட்டுகிற ஒருவர். பக்கத்தில் அவரவர் தொழில் சாமான். வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பேசுவதையெல்லாம் பதிவு செய்து காப்பகத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இனி அதுதான் வரலாறாம். "இது மியூசியமா, சந்தைக்கடையா?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு" என்றாள்.

அதுவரைக்கும் கூடப் பொறுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் ஒரு நாள் எங்கள் பழைய லிஃப்டில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். கம்பெனிக்குப் போன் போய், வந்து சேர்ந்தவர் என் வீட்டுக்காரர். நான் அப்போது மேல்மாடியில் ஒரு கூட்டத்துக்குக் கேடயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுக் கீழே வந்தால், இயக்குநர் முகமெல்லாம் பல்லாக நிற்கிறாள்.

"உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நல்லாப் பேசறார்!"

"யாரு? நீல யூனிஃபார்ம், நரைச்ச மீசை, அவரா?"

"அவரேதான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசிக்கிட்டே இருந்தார். பயமே தெரியல. கதவு திறந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக்கூட இருந்துச்சு."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கதவைத் தட்டுவார்களாம். பிறகு கத்துவார்களாம். அதற்கும் பிறகு மூச்சு முட்டுகிற மாதிரி ஆகிவிடுமாம். அதனால் மேலே மோட்டார் அறையில் ஒருவர் வேலை பார்க்க, இன்னொருவர் கதவுக்கு வெளியே நின்று விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். எங்கே மாட்டினாலும் அந்த வேலைக்குக் கம்பெனியில் இவரைத்தான் நிறுத்துவார்களாம். என் புருஷனுடைய தொழிலைப் பற்றி எனக்கு இதையெல்லாம் சொன்னது யார்? நேற்று வந்த இயக்குநர்.

சும்மா விட்டாளா? இவரையும் கூடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முதல் ஞாயிறு ஒரு நாற்காலியைப் போட்டு, எதிரே ஆட்களை உட்காரவைத்தார்கள். இவருக்கு வியர்த்துக் கொட்டியது. யார் என்ன கேட்டாலும் "ம்". எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் வீட்டு மௌனசாமி எங்கே போனாலும் மௌனசாமிதான் என்று நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் எழுந்து வரும்போது அவராகவே வாயைத் திறந்து ஒன்று சொன்னார்.

"நடுவுல கதவு இருந்தா பேசலாம்."

பழைய லிஃப்டை அதற்குள் மாற்றியிருந்தார்கள். அதன் கதவுகள் கிடங்கில் கிடந்தன. அவற்றைத் தூக்கிவந்து, பெரிய பீரங்கி இருந்த இடத்தில் நிறுத்தி வைத்தார்கள். பின்னால் ஒரு முக்காலி, அதில் இவர். முன்னால் ஒரு நாற்காலி, அதில் ஊரார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் கஷ்டகாலம். ஞாயிறு வந்தால் அந்த நாற்காலிக்கு வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். உட்கார்ந்தவர்கள் சிரிப்பார்கள். சிலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து போவார்கள். என் பின்னால் வாள் பார்க்க வருவது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம். அதிலும் ஒருத்தர் பாதியில் கையைத் தூக்கி, "மேடம், அந்த லிஃப்ட் கதவு எந்தப் பக்கம்?" என்பார். "நேராப் போய் இடது பக்கம்" என்று நானே வழிகாட்ட வேண்டும். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்!

ஞாயிறு காலையானால், "அந்தக் கோடு போட்ட சட்டை எங்க?" என்று தேடுவார்.

"கதவுக்குப் பின்னாடி உக்காரப்போறவருக்கு இஸ்திரி போட்ட சட்டை எதுக்கு? யார் பார்க்கப்போறாங்க?"

"ம்" என்பார். சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் இறங்கி நிற்பார்.

வருகிறவர்களில் ஒரு தையல்காரம்மா. தவறாமல் ஞாயிறுதோறும் வந்துவிடுவாள். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் கடையிலிருந்து நேராக வருவாள். அவள் சிரித்தால் இரண்டு கூடம் தாண்டிக் கேட்கும். அப்படி என்னதான் சிரிப்போ! கேடயத்துக்கு விளக்குச் சரியாக விழுகிறதா என்று பார்க்கிற சாக்கில் பக்கத்தில் போய் நிற்பேன். நான் போகும் நேரம் பார்த்துப் பேச்சு அடங்கியிருக்கும்.

ஒரு ஞாயிறு அவள் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"என்ன மனுஷருங்க அவர்!" என்றாள். "அவருக்குப் பொண்ணு பொறந்த அன்னிக்கு ஒரு வயசானவர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாராம். இவரை விட்டா வேற ஆளே இல்லையாம். பொண்டாட்டி அங்க ஆஸ்பத்திரியில. இவர் இங்க கதவுகிட்ட. அந்தப் பெரியவர் உள்ள இருந்துக்கிட்டு, 'குழந்தை பொறந்தாச்சா, சேதி வந்துச்சா'ன்னு இவரைக் கேட்டுட்டே இருந்தாராம். பாவம், அந்தம்மாவுக்கு எவ்வளவு பெருமையா இருந்திருக்கும்!"

அந்தம்மா நான்தான். எனக்கு அப்போது இருந்தது பெருமை இல்லை. வலிக்கு நடுவில் உள்ளே வந்த நர்ஸையெல்லாம் "அவர் வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, அது தூங்கியும் போன பிறகு, கையில் கிரீஸோடு வந்து நின்றார். எங்கே போனீர்கள் என்றதற்கு "வேலை இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் போட்ட எந்தச் சண்டையிலும் நான் அந்த நாளை இழுக்காமல் விட்டதில்லை. அவரும் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

அந்தப் பதில் இப்போது ஒரு தையல்காரியிடம் இருக்கிறது. அவள் அதற்காக அழுதும் முடித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டைப் போட்டு வைத்துக் கேட்டேன்.

"பொண்ணு பொறந்த அன்னிக்கு ஒரு பெரியவர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாராமே?"

கை தட்டிலேயே நின்றது. "ம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு."

"ஊருக்கே சொல்ல இருக்கு, எனக்குச் சொல்ல இல்லையா?"

கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்விட்டார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. எனக்கும் இறங்கவில்லை.

அந்த வாரம் இயக்குநர் எங்களைக் கூப்பிட்டு, லிஃப்ட் கதவை நிரந்தரமாகவே வைத்துவிடலாமா என்று கேட்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"உணர்ச்சி வேற, உண்மை வேற. நம்ம வேலை உண்மையைச் சொல்றது. ஒரு வாளுக்குக் கீழ ஒரு வரி எழுதணும்னா எத்தனை பேர் சரிபார்க்கறோம்? அந்தக் கதவுக்குப் பின்னாடி சொல்றதை யார் சரிபார்த்தாங்க? அதைக் காப்பகத்துல வேற சேர்க்கறோம். தப்பா இருந்தா?"

பேசப் பேச என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். என் வீட்டு விவகாரம் சபைக்கு வந்துவிட்டது என்று ஒருவர் விடாமல் எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

"நீங்க ஒரு தடவை அந்த நாற்காலியில உக்காந்து பார்த்தீங்களா?" என்றாள் இயக்குநர்.

"நான் எதுக்கு உக்காரணும்?"

"உக்காந்துட்டுச் சொல்லுங்க. நீங்க எடுக்கலாம்னா எடுத்துடலாம்."

ஞாயிறன்று அடையாள அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்றேன். சொந்த இடத்தில், சொந்தப் புருஷனோடு பேச டிக்கெட்! டிக்கெட் கொடுத்தவர் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொண்டார். தையல்காரம்மா வரிசையின் கடைசியில், பேச்சு எட்டாத தூரத்தில் நின்றாள்.

என் முறை வந்தது. நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம்ங்க" என்றது குரல். "பயப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கறேன். நீங்க வெளிய வர்ற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன்."

அவர் குரல்தான். ஆனால் இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எங்கயும் போகமாட்டேன் என்று என்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? பேசாமல் இருந்தேன்.

"பேச வரலையா? பரவாயில்ல. நிறைய பேருக்கு முதல்ல வராது. மூச்சை மெதுவா விடுங்க. நான் பேசறேன், நீங்க கேளுங்க. இன்னிக்குக் காலையில எங்க வீட்ல பால் பொங்கி வழிஞ்சிருச்சு. என் சம்சாரம் வந்து அடுப்பைத் திட்டினா. பாத்திரத்தைத் திட்டினா. கடைசியா பால்காரனையும் திட்டினா. என்னை மட்டும் திட்டல. அடுப்பு முன்னாடி நின்னுட்டிருந்தது நான்தான்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தனையும் அன்று காலையில் நடந்தது. மரம் மாதிரி நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வந்ததற்காகக் கோபமும் வந்தது.

"தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"தனியாத்தான் இருக்கேன்" என்றேன். "கல்யாணம் ஆன நாளா."

முக்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது.

"நீயா?"

"நான்தான். ஏன் நிறுத்திட்டீங்க? டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். அந்தப் பெரியவர் கதையைச் சொல்லுங்க. மத்தவங்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"உனக்கு அப்படிச் சொல்ல முடியாது."

"ஏன்? நான் என்ன பாவம் பண்ணேன்? முகம் தெரியாதவங்களுக்கு மட்டும்தான் வாயா?"

"நீ திருத்துவ."

"தப்பாச் சொன்னா திருத்தத்தான் செய்வேன். அது என் தொழில்."

"உன் தம்பி வீட்ல, நாம முதமுதல்ல பார்த்துக்கிட்டதைச் சொல்ல ஆரம்பிச்சேன். சனிக்கிழமைன்னேன், நீ வெள்ளிக்கிழமைன்ன. மழைன்னேன், தூறல்ன்ன. பச்சைப் புடவைன்னேன், அதுவும் இல்லைன்ன. கடைசியில பார்த்தா, அன்னிக்கு நான் வந்தேனான்னு எனக்கே சந்தேகமாயிருச்சு."

"வெள்ளிக்கிழமைதான் அது" என்றேன். நாக்கு நிற்கவில்லை.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பெரியவர் கதையிலயும் ஒரு தப்பு இருக்கு" என்றார். "மத்தவங்க கேட்டுட்டுப் போயிடுவாங்க. நீ கண்டுபிடிச்சிருவ. அதான் சொல்லல."

"என்ன தப்பு?"

"அந்த லைட் எரியுதா?"

நான் கையை நீட்டிப் பதிவை அணைத்தேன். திரும்பி, "எல்லாரும் அந்தத் தூண் வரைக்கும் தள்ளி நில்லுங்க" என்றேன். கூட்டத்தை நகர்த்துவதற்கு என்றே நான் வைத்திருக்கிற குரல் அது. மறுபேச்சில்லாமல் நகர்ந்தார்கள்.

"ம். சொல்லுங்க."

அவர் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். குரல் இடுக்கு வழியாக என் முகத்துக்கு நேராக வந்தது.

"மாத்து ஆளு வந்துட்டான். சாயங்காலமே வந்துட்டான். 'நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, கதவுப் பக்கம் நான் நிக்கறேன்'னான். நான் போகல."

"ஏன்?"

"பயம்."

எங்களுக்கு அதற்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசியதே இல்லை. நான் மூச்சை மெதுவாக விட்டேன்.

"முதல் தடவை பிரசவ ரூம் கதவு திறந்து நர்ஸ் வந்து என்கிட்டதான் சொன்னாங்க. உள்ள வந்து உன்கிட்ட நான்தான் சொல்லணும். கதவுல இருந்து உன் கட்டில் வரைக்கும் நடந்தேன். நீ என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்த. இன்னொரு தடவை அப்படி நடக்க என்னால ஆகாதுன்னு தோணிடுச்சு. எத்தனையோ கதவுக்கு வெளிய நின்னிருக்கேன், அந்த ஒரு கதவுக்கு வெளிய நிக்க முடியல. பெரியவரை வெளிய எடுத்தாச்சு. அப்புறமும் நான் போகல. அந்தப் படிக்கட்டுலயே உக்காந்திருந்தேன். அவர்தான் என்கூட உக்காந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எந்திரிப்பா, போய்ப் பாரு, நல்லதாத்தான் இருக்கும்'னு சொல்லிட்டே இருந்தார்."

வந்திருக்கலாம். மாற்று ஆள் இருந்திருக்கிறான், பஸ் இருந்திருக்கிறது, கால் இருந்திருக்கிறது. நான் அங்கே ஒவ்வொரு நர்ஸாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது இவர் ஏதோ ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அந்தக் கதவை உதைக்க வேண்டும் போல இருந்தது. எல்லாருக்கும் நல்ல கதையைக் கொடுத்துவிட்டு, என் பங்குக்கு இதைக் கொடுக்கிறார்.

ஆனால் என் பங்கை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசில்லை. தையல்காரம்மாவின் கதையையும் இதையும் முன்னால் வைத்து எதை எடுக்கிறாய் என்றால், இதைத்தான் எடுப்பேன். அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, கதவின் இடுக்கில் விரலை நுழைத்தேன்.

"விரலை வைக்காத, நசுங்கிடும்" என்றார்.

"இது ஓடாத கதவுங்க."

"எந்தக் கதவையும் நம்பக்கூடாது" என்றார். ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல் வந்து என் விரலைத் தொட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கோபம் போகவில்லை. வீட்டுக்குப் போய் மிச்சத்தைக் கேட்பேன் என்று சொன்னேன். "சரி" என்றார்.

எழுந்து திரும்பினால், தையல்காரம்மா வரிசையை விட்டு நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கும் கண் கலங்கியது.

"பொண்ணு பொறந்த கதையைச் சொன்னாரா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம்ல? வேற ஆளே இல்லையாமே அன்னிக்கு?"

கதவுக்குப் பின்னால் முக்காலி அசையவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன். "வேற ஆளே இல்ல."